ஜாப் ஏன் ஆடுகிறது?

லேத்தில் ஜாப்பை, அதாவது கடையும் பொருளை, பிடிப்பது சக். மூன்று ஜா சக்கில் ஒரே சாவியைத் திருப்பினால் பிடிக்கும் தாடைகளான மூன்று ஜாக்களும் சேர்ந்து நகர்கின்றன. எப்படி? உள்ளே ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அதன் முன்முகத்தில் கொசுவர்த்திச் சுருள் போன்ற மரை, பின்முகத்தில் பற்கள். சாவி சுழற்றும் சிறு பல்சக்கரம் தகட்டைத் திருப்ப, சுருளில் கோத்த ஜாக்கள் ஒருசேர நடுவை நோக்கி ஊர்கின்றன. வசதிதான். ஆனால் சுருள் தேயும், இடுக்கில் இரும்புத் துருவல் சேரும். பழகிய சக்கில் ஜாப் 0.1 மில்லிமீட்டர் வரை ஆடுவது சாதாரணம்.

துல்லியம் வேண்டுமானால் நான்கு ஜா சக்கே சரி. அதில் ஒவ்வொரு ஜாவுக்கும் தனித் திருகு. ஜாப்பின் மேல் டயல் கேஜை வைத்து, சக்கைக் கையால் உருட்டிப் பாருங்கள். எதிரெதிர் ஜாக்களில் முள் 0.40 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டினால், நகர்த்த வேண்டியது 0.20 மட்டுமே. ஒரு பக்கம் ஏறும் அளவு மறுபக்கம் இறங்குவதால் முள் இரட்டிப்பாகக் காட்டுகிறது. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே.

வேகத்திலும் கவனம் தேவை. சுழலும் ஜாக்கள் வெளியே விலகப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும், பிடி தளரும். சக்கில் பொறித்த உச்ச வேகத்தைத் தாண்டாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது சக்கிலேயே மறந்துவிட்ட சாவி. சுவிட்சைப் போட்டதும் அது தெறித்துப் பாயும். சாவி சக்கில் இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்காதீர்கள்.