கண்ணாடிக்குள் ஒரு கடல்

பொதிகையிலே பிறந்து, நெல்லைச் சீமையின் வயல்களுக்கெல்லாம் நீர் வார்த்து, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது நம் தாமிரபரணி. அது சென்று சேரும் கடலின் அடியிலே, பவளப்பாறைகளும் கடற்சாமந்திகளும் கடல் அட்டைகளும் குழாய்ப் புழுக்களும் நிறைந்த மற்றோர் உலகம் இருக்கிறது. அவ்வுலகின் ஒரு சிறு பகுதியைக் கண்ணாடித் தொட்டியிலே அமைத்து வீட்டு முற்றத்தில் வைத்து மகிழ வேண்டும் என்னும் ஆவல் இன்று நம் குடும்பங்கள் சிலவற்றிலும் தோன்றியிருக்கிறது. ஆவல் நல்லதே. ஆனால் அது கேட்கும் பொறுப்பு எத்தகையது என்பதை ஆராயாமல் இறங்குவது நன்றன்று.

இக்கலை புதியதன்று. 1840களிலேயே அன்னா தைன் என்னும் குருவானவரின் மனைவி ஒருவர் இலண்டன் மாநகரில் பவள உயிரிகளைக் கலங்களிலே உயிருடன் வளர்த்தார். காற்றேற்றும் கருவி இல்லாத அந்நாளில், பணிப்பெண் ஒருத்தி நாள்தோறும் சாளரத்தருகே நின்று, கடல்நீரைக் கலத்திலிருந்து கலத்திற்கு ஊற்றிக்கொண்டிருந்தாளாம். நம் நாட்டிலோ, 1909இல் சென்னைக் கடற்கரையிலே கடல் மீன் காட்சியகம் திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

உப்பு மட்டும் கடலாகுமா?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அங்ஙனமாயின் தூத்துக்குடி உப்பைத் தாமிரபரணி நீரிலே கரைத்தால் போதாதா எனச் சிலர் கேட்பதுண்டு. போதாது. உப்பளத்துப் பாத்தியிலே நீர் வற்றும்போது சுண்ணச்சத்து முதலில் படிந்துவிடுகிறது. பின்னர் சோற்றுப்பு விளைகிறது. மக்னீசியம் முதலியவை எஞ்சிய கசப்பு நீரோடு போய்விடுகின்றன. ஆகவே நம் கைக்கு வரும் உப்பு கடலின் ஒரு கூறே தவிர, கடல் அன்று. சிப்பிக்கும் பவளத்திற்கும் ஓடு கட்டச் சுண்ணச்சத்து இன்றியமையாததன்றோ?

ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்து கடல்நீரையே கொண்டுவருவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆறு பெருகிக் கடலில் விழும். அப்போது முகத்துவாரத்தருகே எடுக்கும் நீரில் உப்பின் அளவு குறைந்திருக்கும். தொட்டியிலே நீர் ஆவியாகிக் குறையும்போதோ, ஈடு செய்யக் கடல்நீரை ஊற்றலாகாது. நன்னீரையே ஊற்ற வேண்டும். ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இதை மறந்தால், தொட்டி மெல்ல மெல்ல உப்பளமாகும்.

கண்ணுக்குத் தெரியாத ஊழியர்

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. ஒருவகை பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறுவகையின நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் கொடியவை, மூன்றாவது தீமை குறைந்தது. இந்நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். தொட்டி வாங்கிய அன்றே மீன் விட்டவர் வீட்டில் மறுவாரமே மீன்கள் மிதப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பொறுமைதான் இக்கலையின் முதற்பாடம்.

பாறையிடுக்கிலே வாழும் புழுக்களைக் கண்டு அருவருத்து எடுத்தெறிதலும் தவறு. அவற்றுள் பல, எஞ்சிய உணவைத் தின்று தூய்மை செய்யும் துப்புரவாளர்கள். குழாய்ப் புழுவோ, விசிறி போன்ற தன் இறகு முடியை விரித்து, நீரில் மிதக்கும் நுண்துகள்களை வடித்து உண்கிறது, அம்முடியாலேயே சுவாசிக்கிறது. நிழல் பட்டாலும் இமைப்பொழுதில் குழாய்க்குள் ஒளிந்துகொள்ளும்.

மீன்களுள் வண்ணத்துப்பூச்சி மீன் கண்ணைக் கவரும். ஆனால் அதன் இனங்களுட் பல பவள உயிரிகளையன்றி வேறொன்றை உண்ணா; நாம் எதைத் தூவினாலும் பட்டினி கிடந்தே மடியும். கோமாளி மீன் அத்தகையதன்று. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்துள்ளனர். இம்மீனின் குடும்ப வாழ்வு வியப்பிற்குரியது. பெண்ணே பெரியது, முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக் காவல் காப்பதோ பெரும்பாலும் தந்தை. பெண் இறந்துவிட்டால், ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும்!

கடலின் உடைமை

இனி, நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையேயுள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்பிற்காகப் பவளக் கற்களை வெட்டி எடுத்தது அதற்குப் பெருங்காரணம். எஞ்சிய பாறைகளையும் வெப்பம் வாட்டுகிறது. 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. நம் பாளையங்கோட்டை வீடுகளில் சித்திரை வெயிலில் ஒரு சிறு தொட்டி எவ்வளவு சூடேறும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பவளங்கள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் ஆகியவற்றை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். "யாரோ எடுத்தது, நாம் விலைதானே கொடுக்கிறோம்" என்பது மனச்சான்றுக்கு ஏற்ற விடையன்று. வாங்குபவர் இல்லையேல் எடுப்பவரும் இரார்.

எனவே பெற்றோர்களே, பிள்ளைகள் தொட்டி கேட்கும்போது மூன்று வினாக்களை அவர்களோடு அமர்ந்து ஆராயுங்கள். இவ்வுயிர் எங்கிருந்து வந்தது? இது எதை உண்ணும்? திருவிழாவிற்கு நாம் ஊர் சென்றால், மின்சாரம் நின்றால், இதைப் பேணுவது யார்? விடை கிடைத்தால், குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த ஓர் இணைக் கோமாளி மீனோடு தொடங்குங்கள். கிடைக்காவிட்டால், விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை மணப்பாட்டுக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர் வற்றிய வேளையில், பாறைக் குழிகளிலே சிப்பியையும் நண்டையும் அவர்கள் கண்ணாரக் காணட்டும். கண்டபின் அவற்றை அங்கேயே விட்டுவரக் கற்கட்டும்.