மாஸ்டர் வாயில் வரும் சொல்

எங்கள் ராயபுரத்துப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் எந்த அணியிலும் டைலரின் மகன் இருப்பான். பீகாரிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அம்மாவின் மகளும் இருப்பாள். பந்தைத் தவறவிட்டவனை "கரிச்சட்டி" என்றும், பேச்சு புரியாமல் விழிப்பவனை "டேய் வடக்கா" என்றும் பயிற்சியாளர் கூப்பிட்டால், "மாஸ்டர் வாய்தான் அப்படி, நல்லாச் சொல்லித் தருவார்" என்று பெற்றோர் நாமே சமாதானம் சொல்லிவிடுகிறோம்.

கண்டிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "ஏன்டா காலை நகர்த்தல?" என்றால் பையன் நாளைக்குக் காலை நகர்த்துவான். நிறத்தையும் சாதியையும் பிறந்த ஊரையும் அவன் என்ன செய்வான்? எதிர்த்துப் பேசினால் அணியில் இடம் போய்விடும். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வளர்ந்த பிறகும் வலி போவதில்லை. இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய அபினவ் முகுந்த், நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வதைப் பற்றி 2017இல் வெளிப்படையாக எழுதினார். சுழல்பந்து வீச்சாளர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுக்க நிறத்துக்காக இழிவைச் சந்தித்ததாக 2021இல் சொன்னார். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி, தானே பயிற்சியாளர் ஆன பிறகும் சாதியையும் பாலினத்தையும் சொல்லி இழிவுபடுத்தப்படுவதாகப் புகார் கொடுக்க வேண்டியிருந்தது.

புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. நாட்டுக்காக 102 ஆட்டங்கள் ஆடியவர் எனி அலுகோ. நைஜீரியாவிலிருந்து ஆட்டம் பார்க்க வரும் உறவினர்கள் எபோலாவைக் கொண்டுவந்துவிடப் போகிறார்கள் என்று பயிற்சியாளர் மார்க் சாம்ப்சன் தன்னிடம் சொன்னதாக அவர் குற்றம்சாட்டினார். ட்ரூ ஸ்பென்ஸ் என்ற இன்னொரு வீராங்கனையிடம், எத்தனை முறை கைதாகியிருக்கிறாய் என்று சாம்ப்சன் கேட்டதாகவும் புகார். கால்பந்துச் சங்கமே நடத்திய விசாரணையில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. வழக்கறிஞர் கேத்தரின் நியூட்டன் நடத்திய இரண்டாவது விசாரணையும் அப்படியே முடிந்தது. இரண்டிலும் ஸ்பென்ஸைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை! பிறகு அவர் சாட்சி சொன்னார். நியூட்டன் மறுபடி விசாரித்தார். சாம்ப்சன் இனவெறியர் என்று தான் முடிவு கட்டவில்லை, வேடிக்கையாக நினைத்துச் சொன்னவைதான், ஆனாலும் அந்தச் சொற்கள் சட்டப்படி இனப் பாகுபாடே என்றார். 2017 அக்டோபரில் சங்கம் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டது. "தமாஷுக்குச் சொன்னேன்" என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை.

நம் நாட்டில், பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, அவற்றைச் சேராத ஒருவர் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதி சொல்லித் திட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்) பிரிவில் அது குற்றம். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. ஆனால் பத்துப் பிள்ளைகள் நிற்கும் திடல் நான்கு சுவர் இல்லை. "வடக்கன்", "கரிச்சட்டி" போன்றவை இந்தச் சட்டத்துக்குள் வராமல் போகலாம். அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேவையற்ற மன வேதனை தரும்படி நடந்துகொண்டால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யாரும் போன் செய்யலாம். 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் பாதுகாப்பான விளையாட்டுக்கான கொள்கையைக் கேட்கிறது. ஆனால் அது தேசிய விளையாட்டு அமைப்புகளை மனதில் வைத்து வந்தது. தெருமுனைப் பயிற்சி முகாமில் என்ன பேசப்படுகிறது என்பதை நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

பிள்ளை அழுதுகொண்டு வந்தால் அன்றைக்கே ஒரு நோட்டில் தேதியையும் இடத்தையும் சொன்ன சொல்லையும் அப்படியே எழுதி வையுங்கள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் பெயரை மறக்காமல் சேருங்கள். புகார் கொடுக்கும்போது அவர்களையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.