கையொப்பமும் சாட்சியமும்: அமெரிக்க வீட்டு ஏலங்கள் நிறுத்தப்பட்ட வரலாறு

மனிதர்களின் கொடுக்கல் வாங்கல்கள் அனைத்தும் நம்பிக்கையின் மீதே நிற்கின்றன. அந்நம்பிக்கை மறுக்கப்படும் நாளில் அதற்குப் பகரமாக நின்று பேசுவது பத்திரம். அப்பத்திரமே பொய்யுரைக்குமானால் நீதிமன்றத்தின் நிலை என்ன, குடியிருப்போனின் நிலை என்ன? இவ்வினாவுக்குரிய விடையை 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தவற்றிலிருந்து நாம் அறியலாம்.

அந்நாட்டில் வீட்டு விலைகள் சரிந்து, 2007, 2008ஆம் ஆண்டுகளில் பெரும் நிதி நெருக்கடி தோன்றியது. லட்சக்கணக்கானோர் வீட்டுக் கடனின் மாதத் தவணையைச் செலுத்த இயலாதோராயினர். அடமான வீடுகளைக் கைப்பற்றி ஏலமிடும் நடவடிக்கைகளை வங்கிகள் முடுக்கிவிட்டன. இதற்கான சட்டம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். சில மாநிலங்களில் அடமானப் பத்திரம் தரும் அதிகாரத்தைக் கொண்டு நீதிமன்றம் செல்லாமலே ஏலமிடலாம். ஏனைய மாநிலங்களில் நீதிபதியின் தீர்ப்பு கட்டாயம். அத்தீர்ப்பைப் பெற வங்கி ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். ‘கணக்குகளை நானே பரிசீலித்தேன், நிலுவைத் தொகை இவ்வளவு, கடனுக்குரியவர் இவரே’ என வங்கியின் அலுவலர் ஒருவர் சத்தியம் செய்து, நோட்டரியின் முன்னிலையில் கையொப்பமிடுகிறார். வழக்குகள் பெரும்பாலும் எதிர்வாதமின்றியே முடிந்தமையால், அப்பத்திரமே நீதிபதியின் கண்ணாகவும் செவியாகவும் விளங்கியது.

2010 ஜூனில், மெய்ன் மாநிலத்து வழக்கொன்றில், ஜிஎம்ஏசி என்னும் வீட்டுக்கடன் நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் விசாரிக்கப்பட்டார். கடன் பெற்றவருக்காக வாதிட்டவர் ஊதியமின்றித் தொண்டாற்றிய ஓய்வுபெற்ற வழக்கறிஞர். மாதந்தோறும் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பத்திரங்களில் தாம் கையொப்பமிடுவதாகவும், அவற்றின் விவரங்களைத் தாமே சரிபார்ப்பதில்லை என்றும், கையொப்பமிடும்போது நோட்டரி உடனிருப்பதில்லை என்றும் அவ்வலுவலர் ஒப்புக்கொண்டார். மாதம் 10,000 பத்திரங்கள் எனில், அலுவலக நேரத்தில் ஒரு பத்திரத்திற்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே கிடைக்கும். இச்செயலுக்கு ‘ரோபோ கையொப்பம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

செய்தி பரவியதும் வங்கிகள் திகைத்தன. 2010 செப்டம்பரில் ஜிஎம்ஏசி 23 மாநிலங்களில் வீடுகளைக் கைப்பற்றுவதை நிறுத்தி வைத்தது. அம்மாத இறுதியில் ஜேபி மார்கன் சேஸ் ஏறத்தாழ 56,000 வழக்குகளை நிறுத்திற்று. பேங்க் ஆஃப் அமெரிக்கா அக்டோபர் 1 அன்று 23 மாநிலங்களிலும், அக்டோபர் 8 அன்று 50 மாநிலங்களிலும் ஏலங்களை நிறுத்துவதாக அறிவித்தது. சில நாள்களில் 50 மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்களும் கூட்டு விசாரணையைத் தொடங்கினர்.

இந்நிலை ஏற்பட்டதன் காரணத்தை அறிய, கடன் கைமாறிய விதத்தைக் காண வேண்டும். முன்பு கடன் கொடுத்த வங்கியே அதை இறுதிவரை வசூலித்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கான கடன்கள் ஒரே கட்டாக்கப்பட்டு, முதலீட்டாளர்களுக்குப் பங்குகளாக விற்கப்பட்டன. ஒவ்வொரு கைமாற்றத்தையும் ஊர்ப் பதிவகத்தில் பதிவதற்குப் பணமும் காலமும் தேவைப்பட்டன. அதைத் தவிர்க்கவே வங்கித்துறையினர் 1995ஆம் ஆண்டில் மெர்ஸ் என்னும் மின்னணுப் பதிவு நிறுவனத்தை ஏற்படுத்தினர். விளைவாக, வீட்டை ஏலமிட வந்தவர் அக்கடன் தமக்கே உரியது என மெய்ப்பிக்க இயலாத நிலை பல வழக்குகளில் நேர்ந்தது. விடுபட்ட பத்திரங்களைப் பின்னர் தயாரித்துக் கொடுப்பதே ஒரு தொழிலாயிற்று. ஜார்ஜியா மாநிலத்து நிறுவனம் ஒன்றில் ஒரே பெயரைப் பலர் பலவித எழுத்தில் கையொப்பமிட்டிருந்தனர். அதன் தலைவருக்கு 2013இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வங்கிகள் ஒரு வாதத்தை முன்வைத்தன: ‘தவணை செலுத்தப்படவில்லை என்பது உண்மை. பிழை காகிதத்தில்தான் உள்ளது.’ இவ்வாதம் முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. அவ்வழக்குகளுள் பெரும்பாலானவற்றில் கடன் நிலுவை இருந்தது மெய்யே. எனினும், நிலுவை இருக்கிறது என்பதும், அதை வசூலிக்கும் உரிமை இவருக்கே உண்டு என்பதும் இருவேறு கூற்றுகளாகும். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 7 அன்று இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் இரு வீடுகளை ஏலமிட்ட வங்கிகள், ஏலம் நடந்த காலத்தில் அடமானம் தம்மிடமே இருந்தது என்பதை மெய்ப்பிக்கவில்லை எனக் கூறி, அவ்வேலங்கள் செல்லாதவை என்ற கீழ்நீதிமன்ற முடிவை அது உறுதி செய்தது.

சாட்சியம் பற்றி நம் ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ‘ஷஹாதத்’ என்னும் அரபுச் சொல்லின் வேர், உடனிருத்தலையும் நேரில் காணுதலையும் குறிக்கும். காணாததற்குச் சாட்சி இல்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைப்பதையும், எழுதுவோர், சாட்சிகள் ஆகியோரின் கடமைகளையும் பற்றியதே. அடகு பெற்றவர் தம் விருப்பம்போல் அடகுப் பொருளை விற்றுவிட முடியாது என்பதும், அடகு வைத்தவரின் இசைவோ காழியின் ஆணையோ வேண்டும் என்பதும் நம் சட்ட அறிஞர்கள் வகுத்த விதியாகும். வலியவரின் அவசரத்திலிருந்து எளியவரைக் காக்கும் வேலி என்பதாலேயே ஆவணத்திற்கு இத்துணைச் சிறப்பு அளிக்கப்பட்டது.

ஏலங்கள் நிறுத்தப்பட்டது நெடுங்காலம் நீடிக்கவில்லை. பேங்க் ஆஃப் அமெரிக்கா அதே அக்டோபரில், பிரமாணப் பத்திரங்களைப் புதிதாகத் தாக்கல் செய்து 23 மாநிலங்களில் வழக்குகளைத் தொடரப் போவதாக அறிவித்தது. 2012 பிப்ரவரியில் ஐந்து பெரும் வங்கிகள் 49 மாநில அரசுகளுடனும் மத்திய அரசுடனும் ஏறத்தாழ 2,500 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாடு செய்துகொண்டன. வழக்குகளைத் தனித்தனியே மறுஆய்வு செய்யத் தொடங்கிய மற்றொரு முயற்சி 2013 ஜனவரியில் இடைநிறுத்தப்பட்டது. அதற்குப் பகரமாக ஏறத்தாழ 42 லட்சம் பேருக்கு 300 டாலர் முதல் 1,25,000 டாலர் வரை இழப்பீட்டுக் காசோலைகள் அனுப்பப்பட்டன. மிகப் பலர் பெற்றது சிறு தொகையே.

இங்கு நாம் சிந்திக்கத்தக்க ஒன்றுண்டு. காசோலை பெற்ற ஒவ்வொருவருக்கும் தம் வழக்கில் அநீதி நடந்ததா, இல்லையா என்பது இறுதிவரை தெரிவிக்கப்படவில்லை. பணம் கணக்கிடப்பட்டது; உண்மை கண்டறியப்படவில்லை. கடன் பெற்றவர் தம் கையொப்பத்திற்குக் கட்டுப்பட்டவர் என்பதில் ஐயமில்லை. அதே கட்டுப்பாடு, அவரை வெளியேற்றக் கோரும் பத்திரத்தில் கையொப்பமிடுபவருக்கும் உண்டு. ஒரு நிமிடத்தில் இடப்பட்ட கையொப்பத்தால் ஒரு குடும்பம் வீதிக்கு வரக்கூடுமாயின், அந்நிமிடத்தில் அவர் எதைக் கண்டு சாட்சி சொன்னார் எனக் கேட்பது நீதிமன்றத்தின் முதற்கடமை.