வயிற்றில் அடி: வெளியே தெரியாத இரத்தப்பெருக்கு

வயிற்றில் பலமாக அடிபட்டவரின் தோலில் ஒரு கீறல்கூட இல்லாதிருக்கலாம்; உள்ளே மண்ணீரலோ ஈரலோ கிழிந்து இரத்தம் வடிந்துகொண்டிருக்கலாம். வளர்ந்தவரின் உடலில் ஓடுவது ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம். அதில் ஒன்றரை லீற்றர் வயிற்றறைக்குள் தேங்கினாலும் வீக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும். அடிபட்டவர் எழுந்து நடப்பதையும் பேசுவதையும் வைத்து ஆபத்தில்லை என்று முடிவு செய்யவே கூடாது.

இரு கரைகளிலும் காயம் வரும் வழிகள்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் கல்முனை வீதியின் மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி விபத்துகளே முதலில் நினைவுக்கு வருபவை. படுவான்கரையில் வயலும் காடும் சேர்கின்றன: உழவு இயந்திரம் புரண்டு நசுக்குவது, யானை தாக்குவது, மாடு முட்டுவது. தென்னையிலிருந்து விழுவது இரு கரைக்கும் பொது. சிறுவர்களுக்குச் சைக்கிள் கைபிடி வயிற்றில் குத்துவது அற்பமாகத் தோன்றும். முள்ளந்தண்டோடு சேர்த்து நசுங்கிக் கணையம் கிழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

கொம்பு, கத்தி, வெடிச்சிதறல் ஆகியவை துளைக்கும் காயங்கள். வெளித்துளை சிறிதாக இருந்தாலும் உள்ளே பாதை நீளமானது. 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் காயமடைந்தோர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அத்தகைய வெடிப்பில் சிதறல் தைக்காதவருக்கும் அழுத்த அலையால் குடல் துளைபடலாம்.

வைத்தியசாலைக்கு முன்

நோவெண்ணெய் பூசி வயிற்றை உருவிவிடுவது மிகக் கெடுதல். உறைந்து நின்ற இரத்தக்கட்டி கலைந்து மீண்டும் பெருகும். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தண்ணீர், சோடா, கொத்தமல்லித் தண்ணீர் எதுவும் கொடுக்கக்கூடாது. குடல் வெளியே தள்ளியிருந்தால் உள்ளே திணிக்காமல், சுத்தமான ஈரத்துணியால் மூட வேண்டும். தைத்திருக்கும் பொருளைப் பிடுங்கக்கூடாது. நிறைமாதக் கர்ப்பிணியை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைக்க வேண்டும்.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அங்கு வாவியைக் கடக்கப் படகுப்பாதையே இருந்தது. அந்தக் காத்திருப்பு நீங்கியது பெரிய நன்மை. ஆனால் உட்புறத்து எல்லைக் கிராமங்களிலிருந்து தூரம் இன்னும் தூரந்தான். அங்குள்ள சிறிய வைத்தியசாலையின் வேலை நாளத்தில் ஊசிக்குழாய் ஏற்றி, ஒட்சிசன் கொடுத்து, பெரிய வைத்தியசாலைக்கு முன்கூட்டியே அறிவித்து விரைவாக அனுப்புவது. சேலைனை அளவுமீறி ஏற்றினால் இரத்தம் நீர்த்து உறையும் தன்மை குறையும்.

கண்டறிதல்

முதலில் பார்ப்பது மூச்சும் நாடியும். இளவயதினரில் இரத்தத்தின் மூன்றில் ஒரு பங்கு போகும்வரை குருதி அமுக்கம் விழாமலே இருக்கலாம். நாடித்துடிப்பு வேகமெடுப்பதும் கைகால் குளிர்வதுமே முந்திய எச்சரிக்கை. இதய நோய்க்குச் சில மாத்திரைகள் எடுக்கும் முதியவர்களில் அந்த வேகமும் தெரியாது. இடது தோள்பட்டையில் காரணமின்றி நோவு இருந்தால் மண்ணீரலைச் சந்தேகிக்க வேண்டும். கசிந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் நோவு அது. சிறுநீர் சிவந்தால் சிறுநீரகத்தையோ சிறுநீர்ப்பையையோ பார்க்க வேண்டும். மது அருந்தியவரிலும் தலையில் அடிபட்டவரிலும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்ப முடியாது.

கட்டிலருகிலேயே செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் சில நிமிடங்களில் ஈரலருகிலும் மண்ணீரலருகிலும் இடுப்பறையிலும் இதயத்தைச் சுற்றியும் இரத்தம் தேங்கியுள்ளதா என்று காட்டும். 200 மில்லிலீற்றருக்குக் குறைந்த தேக்கம் தவறிவிடலாம். குடல் துளையையும் அது நம்பகமாகக் காட்டாது. நிலை சீராக உள்ளவருக்கே சீ.ரி. ஸ்கான் பொருத்தம். குருதி அமுக்கம் விழுந்துகொண்டிருப்பவரை அங்கே அனுப்புவது ஆபத்து. அவர் போகவேண்டிய இடம் சத்திரசிகிச்சைக்கூடம்.

குடல் காயம் பல மணித்தியாலங்கள் கழித்தே காய்ச்சலாகவும் இறுகிய வயிறாகவும் வெளிப்படலாம். ஆகவே ஒரே வைத்தியர் திரும்பத் திரும்ப வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எந்தக் கருவிக்கும் குறையாத பரிசோதனை.

சிகிச்சை

ஈரலும் மண்ணீரலும் கிழிந்தால் உடனே வயிற்றைத் திறப்பது பழைய வழக்கம். இன்று நாடியும் அமுக்கமும் நிலையாக இருந்தால், குறிப்பாகச் சிறுவர்களில், விடுதியில் படுக்கவைத்துக் கண்காணித்தே பெரும்பாலோரைக் குணமாக்குகிறார்கள். இரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரனெக்சாமிக் அமிலத்தை 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பலன். பிந்தினால் தீங்காகவும் முடியலாம்.

குடல் துளைக்கும் நிற்காத இரத்தப்பெருக்குக்கும் சத்திரசிகிச்சையே வழி. நோயாளி மிகவும் தளர்ந்து உடல் குளிர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் தைக்க முயல்வதில்லை. ஈரலைச் சுற்றித் துணி அடைத்து, குடல் கசிவை நிறுத்தி, தீவிர சிகிச்சைப் பிரிவில் உடலைச் சூடாக்கி இரத்தம் ஏற்றி, ஓரிரு நாளில் மீண்டும் திறந்து முடிப்பார்கள்.

துண்டு வெட்டி வீடு வந்தபின்

மண்ணீரலோ ஈரலோ கிழிந்து ஆறியவர் வைத்தியர் சொல்லும்வரை, பொதுவாகச் சில வாரங்களுக்கேனும், பாரம் தூக்குவதும் மரமேறுவதும் விளையாடுவதும் கூடாது. தலைசுற்றோ புதிய வயிற்று நோவோ வந்தால் அன்றே திரும்ப வேண்டும். மண்ணீரல் அகற்றப்பட்டவருக்கு நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம். வழமையாகச் சத்திரசிகிச்சைக்கு இரு வாரம் கழித்துப் போடப்படும். அவருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் காய்ச்சலும் அவசர நோயே. மண்ணீரல் இல்லை என்பதை எந்த வைத்தியரிடமும் முதல் சொல்லாகச் சொல்ல வேண்டும்.