ஆர்கான் வெல்டிங்: பின்பக்கம்தான் சாட்சி

பால் பதப்படுத்தும் ஆலையில் பால் ஓடுகிற குழாய்கள் எல்லாமே எவர்சில்வர். இரண்டு குழாய்கள் சேரும் மூட்டு வெளியே எவ்வளவு பளபளத்தாலும், உள்ளே ஒரு சின்ன மேடோ சொரசொரப்போ இருந்தால் பாலின் பிசுக்கு அங்கே ஒட்டிக்கொள்ளும். கழுவ விடுகிற தண்ணீர் அதைத் தொடாமல் மேலாகவே ஓடிவிடும். மறுநாள் வருகிற பாலைக் கெடுக்க அது போதும். மருந்து ஆலை, பெரிய ஓட்டல் சமையற்கட்டு, பாய்லர் குழாய் என எங்கே போனாலும் நிலைமை இதுதான். அந்த மூட்டைப் போட்டவரின் திறமை நம் கண்ணில் படாத உட்புறத்தில் இருக்கிறது.

டங்ஸ்டன் முனையில் மின்பொறி எழுப்பி, அதைச் சுற்றி மந்த வாயுவைப் பாய்ச்சி உலோகத்தை இணைக்கும் இந்த முறைக்கு டிக் வெல்டிங் என்று பெயர். பட்டறையில் கேட்டால் ஆர்கான் வெல்டிங் என்பார்கள். கேட்டும் கிரில்லும் ராடு வெல்டிங்கில் போடத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எவர்சில்வரில் ஆர்கான் வேலை சுத்தமாகச் செய்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கற்றுக்கொள்ள வருகிற பையன்களுக்கு டார்ச்சைப் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். ஏன் அப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தருவது குறைவு. அந்தக் காரணம் தெரியாமல் கை மட்டும் பழகினால் முன்பக்கம் அழகாகவும் பின்பக்கம் உதவாததாகவும் ஒரு வேலைதான் வரும்.

காற்றை விலக்கி வைக்கும் கலை

இந்த முறை விமானத் தொழிற்சாலையில் உருவானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் எடை குறைந்த மக்னீசியத்தில் விமான பாகங்களைச் செய்ய முயன்றது. உருகிய நிலையில் காற்று பட்டால் பற்றி எரியக்கூடிய உலோகம் அது. அங்கே பணியாற்றிய ரஸ்ஸல் மெரிடித், டங்ஸ்டன் முனையைச் சுற்றி ஹீலியம் வாயுவைப் பாய்ச்சிக் காற்றை விலக்கினார். 1942இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னால் ஹீலியத்தின் இடத்தை ஆர்கான் பிடித்தது. வாயு மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை: சூடான உலோகத்தைக் காற்று தொடக் கூடாது.

எவர்சில்வருக்கு இது உயிர்நாடி. அது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் குரோமியம். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகி இரும்பைக் காக்கும். நாம் அதிகம் பார்க்கிற 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. அளவுக்கு மீறிச் சூடேற்றினாலோ, சூட்டில் காற்று பட்டாலோ அந்தக் குரோமியம் வீணாகும். பிறகு பெயரில் மட்டும்தான் அது துருப்பிடிக்காத எஃகு.

சூடும் இந்த உலோகத்தில் வேறு விதமாக நடந்துகொள்கிறது. சாதா இரும்போடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் வெப்பம் பரவும். விரிவதோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கொடுத்த சூடு கொடுத்த இடத்திலேயே தேங்குவதால் தகடு முறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் நெருக்கமாக டேக் எனும் சிறு புள்ளி வெல்டிங் வைக்கிறார்கள், அடியில் செம்புப் பட்டை வைத்துச் சூட்டை இழுக்கிறார்கள், ஒரே மூச்சில் ஓட்டாமல் இடம் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். சுமார் 425 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூட்டில் உலோகம் நெடுநேரம் கிடந்தால் அதிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடாக மாறிவிடும். வெல்டிங் கோட்டை ஒட்டிப் பின்னாளில் துரு தலைகாட்டுவது பெரும்பாலும் இதனால்தான். கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாத 304எல் ரகமும், அதற்கேற்ற, மூட்டை நிரப்பும் 308எல் பில்லர் கம்பியும் வந்ததற்குக் காரணம் இதுவே.

ஒரு கோடு போடுவதற்குள்

ஒன்றரை மில்லிமீட்டர் தகடு இரண்டைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேலை சுத்தத்தில் தொடங்குகிறது. ஓரங்களை அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எவர்சில்வருக்கென்று தனி பிரஷ், தனி கிரைண்டிங் சக்கரம் வேண்டும். இரும்பில் ஓட்டிய பிரஷை இதில் ஓட்டினால் அதிலிருந்து ஒட்டுகிற இரும்புத் துகளே துருவுக்கு விதையாகிவிடும். டங்ஸ்டன் முனையைப் பென்சில் போலக் கூராக்கும்போது கோடுகள் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் பொறி அலையும்.

தகட்டின் தடிமனில் மில்லிமீட்டருக்கு 30 முதல் 40 ஆம்பியர் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. ஆர்கான் நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர். கூடுதலாகத் திறந்துவிட்டால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பது தவறு. வேகமாகப் பாயும் வாயு சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் ஊர் வெக்கையில் பட்டறைக்குள் மின்விசிறி ஓடாமல் இருக்காது. அந்தக் காற்று டார்ச்சின் மேல் அடித்தால் ஆர்கான் கலைந்துவிடும்.

பொறி எழுந்ததும் கம்பியைக் கொடுத்துவிடக் கூடாது. இரண்டு ஓரமும் உருகி ஒன்றாகி, கண்ணாடிபோல் மின்னும் சின்னக் குட்டை கட்டும்வரை காத்திருக்க வேண்டும். டார்ச் லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். முனைக்கும் குட்டைக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி போகக் கூடாது. இடது கை கம்பியைத் தாழ்வாகக் கொண்டுவந்து குட்டையின் முன்விளிம்பில் தொட்டு எடுக்கும். ஒரு துளி சேரும், டார்ச் ஒரு எட்டு நகரும், மறுபடி தொடும். எடுத்த கம்பியின் நுனி ஆர்கான் படும் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே போனால் சூடான நுனி கறுத்து, அடுத்த தொடுதலில் அந்த அழுக்கு குட்டைக்குள் போய்விடும். டங்ஸ்டன் குட்டையில் பட்டுவிட்டால் நிறுத்தி, மறுபடி கூராக்கித்தான் தொடர வேண்டும். முடிவில் கரன்ட்டைப் படிப்படியாகக் குறைத்து, பொறி அணைந்த பிறகும் டார்ச்சை எடுக்காமல் சில விநாடிகள் பிடித்திருக்க வேண்டும். குட்டை இறுகும்வரை ஆர்கான் அதன் மேல் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

நிறமும் முதுகும்

வேலை முடிந்ததும் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளியாகவோ இளம் வைக்கோல் நிறமாகவோ இருந்தால் சூடும் வாயுவும் சரியாக அமைந்தன என்று பொருள். ஊதாவும் நீலமும் படர்ந்தால் ஆக்சைடு தடித்திருக்கிறது. சாம்பலும் கறுப்பும் வந்தால் வேலை கெட்டது. வானவில் நிறத்தை அழகென்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. உணவும் மருந்தும் ஓடுகிற குழாயில் அதற்கு மதிப்பில்லை.

அடுத்து, திருப்பிப் பார்க்க வேண்டும். டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் முன்பக்கத்தைத்தான் காக்கும். உருகல் மறுபக்கம்வரை இறங்கும்போது அங்கே காற்று இருந்தால், உலோகம் பாகு பொங்கி இறுகியதுபோலக் கறுத்துச் சுருங்கிவிடும். அந்த இடத்தில் துருவும் வெடிப்பும் எளிதாகத் தொடங்கும். குழாயின் இரு முனையையும் அடைத்து உள்ளேயும் ஆர்கான் நிரப்புவதுதான் தீர்வு; இதற்குப் பர்ஜிங் என்று பெயர். நேரமும் வாயுவும் செலவாகும் என்பதால் அவசர வேலையில் முதலில் விடுபடுவது இதுதான். வாங்குகிறவர் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார் என்ற தைரியம் அதற்குத் துணை. மூட்டின் ஆயுளை முடிவு செய்கிற வேலையை இப்படி விட்டுவிடுவது வாங்கியவருக்குச் செய்யும் துரோகம்.

திருச்சி வளர்த்த கைகள்

திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை 1960களில் வந்தது. அதன் வளாகத்திலேயே 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பாய்லர் குழாயில் முதல் சுற்றை ஆர்கானில் போட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கமானது. சாய்த்து நிறுத்திய குழாயை அசைக்காமல் சுற்றிச் சுற்றி வெல்டிங் செய்கிற 6ஜி தேர்வு, இந்தத் தொழிலில் இறங்குகிற எவருக்கும் பெரிய படிக்கட்டு. கீழே குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, தலைக்கு மேல் கை உயர்த்தி என எல்லா நிலையும் அந்த ஒரே மூட்டில் வந்துவிடும்.

கல்பாக்கம் அதிவேக ஈனுலையின் பிரதானக் கலம் சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர் பாத்திரம். 316எல்என் ரகத் தகடுகளை வெல்டிங் செய்து உருவாக்கி, திரவ சோடியத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டது. தகட்டின் மேல் ஒரு பொடியைப் பூசி, ஒரே ஓட்டத்தில் ஆழமாக உருக்கும் ஆர்கான் முறையிலும் அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆய்வு செய்திருக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் பயிற்சியில் சேரும் மாணவன் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். தன் கையில் இருக்கும் டார்ச் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று அவனுக்குத் தெரிந்தால், முதல் நாள் பிரஷிங்கையும் அவன் அலட்சியமாகச் செய்ய மாட்டான்.

உடம்பைக் காத்த பிறகே வேலை

ஆர்கான் பொறியில் புகை அதிகம் தெரியாது. அதனாலேயே பயமும் குறைந்துபோகிறது. எவர்சில்வர் உருகும்போது எழும் ஆவியில் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஆறு இணைதிற குரோமியம் இருக்கலாம். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்தியது. புகையை முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் மெதுவாக இழுக்கும் வசதி பட்டறையில் இருக்க வேண்டும். குளோரின் கலந்த கிளீனரால் துடைத்த இடத்தில் பொறி வைத்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உருவாகும். பர்ஜிங் செய்த தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் இறங்கினால் உயிரே போகும். காற்றைவிடக் கனமான ஆர்கானுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கறையை நீக்கும் பிக்ளிங் பேஸ்ட்டில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு. வெறுங்கையால் தொடவே கூடாது. சிவப்பு முனை டங்ஸ்டனில் கதிரியக்கத் தோரியம் இருக்கிறது. கூராக்கும்போது அதன் தூள் நெஞ்சுக்குள் போகாமலிருக்க, லாந்தனம் கலந்த டங்ஸ்டனுக்கு மாறுவதே நல்லது. பொறியின் ஒளி பட்டு ராத்திரி கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தினால் உருளைக்கிழங்குத் துண்டை வைத்துப் படுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைவிட முகத்தில் சரியான ஷேடு கண்ணாடி இருக்க வேண்டும். இந்த வேலைக்கு 9 முதல் 11 வரையிலான ஷேடு எண் பொருந்தும்.

கற்றுக்கொள்ள வருகிறவர் தன் மேஸ்திரியிடம் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: வெட்டித் திருப்பிப் பார்க்கப் பழைய துண்டுகள், பர்ஜிங் செய்யும் முறை, ஒவ்வொரு விதிக்கும் காரணம். பட்டறை முதலாளி வாயுவுக்கும் முகமூடிக்கும் ஆகும் செலவைக் கூலியில் பிடிக்காமல் விலையில் சேர்க்க வேண்டும். வாங்குகிற நாமும் ஒன்று செய்யலாம். வெளிப் பளபளப்பைப் பார்த்துப் பேரம் பேசுவதை விட்டு, உள்பக்கம் எப்படி இருக்கிறது, எந்த ரகம், எந்தக் கம்பி என்று கேட்போம். அப்படிக் கேட்பவர்கள் பெருகினால், பின்பக்கத்தையும் சுத்தமாகப் போடுகிற வெல்டருக்கு அதற்குரிய கூலி கிடைக்கும். அவரிடம் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறையும் வரும்.