கிக் விழுந்தா பாடகர் ஏன் நகர்றார்?

மொத்த மிக்ஸையும் சேர்த்து அமுக்குறதுதான் பஸ் கம்ப்ரஸர். நான் வீட்ல சால்டர் பண்ணது, எஸ்எஸ்எல் 4000 கன்சோல்ல இருக்கிறதோட நகல். உள்ளே இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணுன்னு விசிஏ சிப். வோல்டேஜ் சொல்றபடி சத்தத்தைக் குறைக்கும்.

முதல் டெஸ்ட். கிக் டிரம் விழும்போதெல்லாம் நடுவுல இருந்த பாடகர் வலது பக்கம் ஓடுறார்! சிப்பை மாத்தினேன். காசு போனதுதான் மிச்சம். கடைசியில பார்த்தா, வலது விசிஏவுக்குப் போற கன்ட்ரோல் வோல்டேஜ் ஒயர்ல சால்டர் பிடிக்கவே இல்லை. இடது மட்டும் அமுங்கியிருக்கு. எந்தப் பக்கம் சத்தம் ஏறினாலும் ரெண்டு சிப்புக்கும் ஒரே வோல்டேஜ் போகணும். இல்லேன்னா ஸ்டீரியோ ஆடும்.

ஒட்டினேன், பாடகர் நடுவுக்கு வந்துட்டார். இப்போ 4:1, அட்டாக் 30 மில்லிசெகண்ட். கிக்கோட முதல் அடி தப்பிச்சு வெளியே வரட்டும்னுதான் அவ்வளவு மெதுவா வெச்சிருக்கேன். முள் 2 டெசிபல் அசைஞ்சா எனக்குப் போதும்.