மனுஷ அங்காதிபாதம், 1872: வயிற்று நரம்புகளும் நோவும்

இலண்டனில் 1858இல் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூலை அடியொற்றிய தமிழ் நூல் இது. ஆக்கியவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1870இல் திறக்கப்பட்ட கொழும்பு மருத்துவப் பள்ளியில் பாடமொழி ஆங்கிலம். மானிப்பாய் மாணவரோ நரம்பையும் தசையையும் தமிழிற் படித்தனர். கிறீனின் உழைப்பு அரியது.

நரம்புகளை அறிவதன் பயனை வயிற்று நோவில் காணலாம். அதற்கு இரண்டு நரம்பு வழிகள் உண்டு: ஒன்று குடலினது, மற்றது வயிற்றுச் சுவரினது. குடலை வெட்டினாலும் பெரிதாக நோவதில்லை. உப்பினால், இழுபட்டால், குருதி குறைந்தால் நோகும். அந்த நோ மந்தமானது, இடம் காட்டாது. வயிற்றுச் சுவரின் உட்பக்கச் சவ்வுக்கு வருபவை சுவருக்கும் தோலுக்கும் உரிய நரம்புகள். ஆகவே அங்கே நோ கூர்மையாக, இடந்தெரிய எழும்.

குடல்வால் அழற்சியில் இரண்டையும் காணலாம். குடல்வாலின் நரம்புகளும் தொப்புளைச் சூழ்ந்த தோலின் நரம்பும் முண்ணாணில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில், பத்தாம் நெஞ்சுத் துண்டத்தில், சேர்கின்றன. அதனால் முதலில் தொப்புளைச் சுற்றியே நோகும். அழற்சி சவ்வை எட்டியதும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், நோ வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும். முதல் நோ தணிந்ததென்று வீட்டில் காத்திருப்பது ஆபத்து: இடம் மாறினாலும் நோய் ஒன்றே.